தனியாகத் தூக்காதே தங்கச்சி

காசிமேட்டிலிருந்து இங்கிலாந்து வந்து முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். இடுப்பு விட்டுப்போகிறது, கடனை அடைக்க ஓவர்டைம் பார்க்கிறேன், நான் பார்த்துக்கொண்ட பாட்டி இறந்த சில நாட்களிலேயே அதே கட்டிலில் வேறொருவர் படுத்திருக்கிறார், இந்த வேலையில் எப்படி அக்கா இத்தனை காலம் தள்ளினீர்கள் என்று கேட்கிறாய். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் இடுப்பு. விடுமுறைக்கு இப்போது பழைய வண்ணாரப்பேட்டை வந்திருக்கிறேன். எதிர்வீட்டுத் தாத்தாவுக்குப் பக்கவாதம். பார்த்துக்கொள்ள வரும் பெண் அவருடைய இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, மூச்சைப் பிடித்து, ஒரே தூக்காகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிறாள். தெருவே அவளை மெச்சுகிறது. எனக்கோ பகீர் என்கிறது. அப்படித் தூக்கினால் வலுவிழந்த தோள் மூட்டு நழுவலாம், தூக்குகிறவளுக்கு ஜவ்வு விலகலாம். லாரித் தண்ணீரைக் குடம் குடமாய்ச் சுமந்து வளர்ந்த நமக்கு, நான் ஒருத்தியே சமாளிப்பேன் என்ற வீம்பு அதிகம். அதை மீனம்பாக்கத்திலேயே இறக்கிவைத்திருக்க வேண்டும்.

இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் பராமரிப்புத் திட்டம் எழுதியிருப்பார்கள். அதில் ஹாய்ஸ்ட் (ஆளைத் தூக்கும் கருவி), இரண்டு பேர் என்றிருந்தால் இரண்டு பேர்தான். இரவுப் பணியில் ஆள் குறைவு என்றாலும் காத்திரு. அவரைத் தாங்கும் துணித்தொட்டிலான ஸ்லிங் அவருடைய அளவுதானா என்று பார், தையலைத் தடவிப் பார். கொக்கிகளை மாட்டியதும் சற்றே உயர்த்தி நிறுத்தி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இன்னொருமுறை பார்த்துவிட்டு மேலே ஏற்று. படுக்கையிலேயே துடைத்து உடுத்திவிடுவதானால் கட்டிலை உன் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள், பலர் இதைச் செய்வதே இல்லை. என்ன செய்யப் போகிறாய் என்பதை அவர் முகம் பார்த்துச் சொல். மறதி நோய் உள்ளவர்கள் கிள்ளுவதும் அடிப்பதும் பல நேரம் பயத்தால்தான். விலகிப்போய்ச் சற்று நேரம் கழித்து வா. நடந்ததை அன்றே பதிவேட்டில் எழுதிவிடு.

ஆள் கேட்டால் சோம்பேறி என்பார்களோ என்று கூசாதே. ஆபத்தாகச் சுமை தூக்கவேண்டிய நிலையை முதலாளி இயன்றவரை தவிர்க்கவேண்டும் என்று அங்கே 1992-லேயே விதி வந்துவிட்டது.

ஓவர்டைமுக்கு வருகிறேன். வாரத்துக்குச் சராசரியாக 48 மணி நேரம் என்பதுதான் வரம்பு. அதைத் தாண்டி உழைக்கச் சம்மதம் என்ற தாளில் நீயும் கையெழுத்துப் போட்டிருக்கலாம். முன்கூட்டியே எழுத்துமூலம் தெரிவித்து அதைத் திரும்பப் பெறலாம். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தது தொடங்கப் பொதுவாக 11 மணி நேர ஓய்வு வேண்டும். தவணை கட்ட இன்னும் சில மாதம் கூடுதலாகப் பிடிக்கட்டுமே. இடுப்பு போய்ப் படுத்தால் அந்தத் தவணையை யார் கட்டுவது?

சாவு விஷயம்தான் கடினம். நம் தெருவில் என்றால் பந்தல், மேளம், ஒப்பாரி என்று ஊரே அழுது தீர்க்கும். அங்கே ஓசையில்லாமல் எடுத்துச் சென்றுவிடுவார்கள். நான் ஒன்று செய்வேன்: முகம் துடைத்து, தலைவாரி, நல்ல உடுப்பு போட்டுவிடும் கடைசி வேலையை, கூட ஒருவரை வைத்துக்கொண்டு, கேட்டு வாங்கிச் செய்வேன். அழுகை வந்தால் அப்போதே வந்துவிடும். இறுதிச் சடங்குக்குப் போகலாமா என்று மேலாளரிடம் கேள். குடும்பத்தார் பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள். அடுத்து வந்தவரிடம் உடனே ஒட்டுதல் வரவில்லையே என்று உன்னை நொந்துகொள்ளாதே. வேலையைச் சுத்தமாகச் செய், அது போதும்.

கடைசியில் ஒரு வரியாகக் கேட்டிருந்தாயே, வியாசர்பாடியில் ஒரு ஏஜெண்ட் உன் தங்கையையும் இதே வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார் என்று. வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளர்களைப் புதிதாக எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் பிரிட்டன் நிறுத்திவிட்டது. ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவுக்கு இன்றைக்கே போன் போடு.