ஒரே இரவில் 1.2 கிலோ கூடினால் அது கொழுப்பா?

கேள்வி: இரண்டு வாரமாக உணவைக் குறைத்து, புதிதாக உடற்பயிற்சியும் செய்துவருகிறேன். நேற்று காலை 78.2 கிலோ இருந்தேன், இன்று காலை 79.4. நேற்று ஒருவேளை மட்டும் வெளியில் சாப்பிட்டேன். பட்ட பாடெல்லாம் வீணா? தினமும் எடை பார்ப்பதை விட்டுவிடலாமா?

பதில்: வீணாகவில்லை. கணக்குப் போட்டாலே தெரியும். ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், உடல் செலவழிப்பதற்கும் மேலாக ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். 1.2 கிலோவுக்கு 9,000 கலோரிக்கு மேல் ஆகும். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் ஒருவேளையில் அது நடக்காது.

மெஷின் காட்டிய எடை சரிதான். ஆனால் அதில் கொழுப்போடு தசை, எலும்பு, குடலில் இருக்கும் உணவு, நீர் எல்லாமே அடக்கம். ஓரிரு நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது பெரும்பாலும் நீரால்தான். உப்பு கூடினால் உடல் நீரைப் பிடித்து வைக்கும். மாவுச்சத்து கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாக, அதாவது உடல் சேமித்து வைக்கும் சர்க்கரையாகச் சேரும்போது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீரும் தங்கும். டயட் தொடங்கிய முதல் வாரம் எடை மளமளவென இறங்குவதும் இந்த நீர் போவதால்தான். அதைக் கொழுப்பு என்று நம்பியவர்கள்தான் பிறகு மனம் உடைகிறார்கள். புது உடற்பயிற்சியால் தசைகளில் சில நாள் நீர் கோக்கும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் எடை கூடலாம். மலச்சிக்கலும் ஒரு காரணம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தினமும் 500 கலோரி குறைத்தால் ஒரு நாளில் குறையும் கொழுப்பு சுமார் 65 கிராம். இரண்டு வாரத்துக்கு 900 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று உங்களுக்கு ஏறியிருப்பது 1,200 கிராம். இரண்டு வார உழைப்பின் பலன் முழுவதையும் ஒரு நாள் நீர் மறைத்துவிட முடியும். உள்ளே கொழுப்பு குறைந்துதான் இருக்கும், எண்ணில் தெரியாது, அவ்வளவுதான்.

அதனால் தினமும் பார்ப்பதை விட வேண்டாம், ஆனால் ஒரு நாள் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். காலையில் எழுந்து, கழிப்பறைக்குப் போய்வந்து, எதுவும் சாப்பிடும் முன், அதே மெஷினில் பாருங்கள். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய் வரும் பெண்கள் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதே சரி. மூன்று, நான்கு வாரமாகச் சராசரி அசையவில்லை என்றால் மட்டும் உணவு அளவைத் திருத்தலாம். எண்ணைப் பார்த்தாலே அன்றைய நாள் கெடுகிறது என்றால் மெஷினை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பை டேப்பால் அளந்தால் போதும்.

எடை கூடிய மறுநாள் பட்டினி கிடப்பதும், தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் வேண்டவே வேண்டாம். உப்பால் சேர்ந்த நீர் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் தானாக வடியும்.

ஆனால் கால் வீக்கம், மூச்சுத் திணறல் இவற்றோடு எடை வேகமாக ஏறினால் டாக்டரைப் பார்க்கத் தாமதிக்காதீர்கள். இதயம் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேல் கூடினாலே, வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், உடனே சொல்ல வேண்டிய விஷயம் அது.