இடத்துக்குப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்

வணக்கம் அம்மா. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த உங்கள் மகனைச் சிறைக்காவலர் பயிற்சியில் சேர்த்துவிடுவதாக ஒருவர் பணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் பதறியது. ஒரு ராண்ட் கூடக் கொடுக்காதீர்கள். சிறைத்துறையில் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால், வந்த செய்திகளை அழிக்காமல் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

பயிற்சி ஓராண்டு. ஒரு பகுதி சோண்டர்வாட்டர் அல்லது குரூன்ஸ்டாட் கல்லூரியில். மீதி சிறைக்குள்ளேயே, அனுபவமுள்ள காவலர்களின் பக்கத்தில் நின்று. மாத உதவித்தொகை உண்டு. குற்றப்பதிவைச் சரிபார்ப்பார்கள், எதையும் மறைக்க வேண்டாம்.

காத்திருக்கும் நாட்களில் சிறைகளுக்கான 1998-ஆம் ஆண்டின் 111-ஆம் எண் சட்டத்தை உங்கள் மகன் படிக்கட்டும். 32-ஆம் பிரிவு முக்கியம்: பலத்தைப் பயன்படுத்தியே தீர வேண்டிய நிலையிலும் மிகக் குறைந்த அளவே அனுமதி. இளைஞர்கள் துப்பாக்கியையும் சீருடையையும் நினைத்து வருகிறார்கள். வேலையோ பெரும்பாலும் பேச்சு, எண்ணிக்கை, பதிவேடு. ஜூலு சரளமாக வருமா? வெஸ்ட்வில் சிறையில் பணியாற்றிய என் தம்பி, பல சண்டைகளை அந்த மொழியில் பேசியே தணித்திருக்கிறான். வராவிட்டால் இன்றே பக்கத்து வீட்டாரிடம் பேசத் தொடங்கச் சொல்லுங்கள்.