மதிப்பெண்ணும் நோயும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. இணையத்தில் கிடைத்த, மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவத்தை நிரப்பினேன். 27க்கு 17. மனநல மருத்துவரிடம் அந்த எண்ணைச் சொன்னேன். அவர் மாத்திரை தரவில்லை. தைராய்டு பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, "சரியாகத் தூங்காமலேயே களைப்புத் தெரியாமல் துள்ளிக்கொண்டிருந்த நாட்கள் எப்போதாவது உண்டா?" என்று கேட்டார். சோர்ந்து போனவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஸ்கேன் எடுத்துச் சொல்லிவிட முடியாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முடியாது. மனச்சோர்வை உறுதிசெய்கிற ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இன்றுவரை இல்லை. தைராய்டு மந்தமானாலும் இதே களைப்பும் வெறுமையும் வரும். அதை விலக்கத்தான் அந்தப் பரிசோதனை.

நீங்கள் நிரப்பியது பிஎச்க்யூ-9 என்று நினைக்கிறேன். கடந்த இரண்டு வாரத்தை மட்டும் கேட்கும், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. நல்ல படிவம்தான். ஆனால் நெருங்கியவரைப் பறிகொடுத்தவர் நிரப்பினாலும் 17 வரலாம், தைராய்டு குறைந்தவருக்கும் வரலாம், சோர்வும் மிதமிஞ்சிய எழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கும் வரலாம்.

அந்த மூன்றாமவரைத்தான் உங்கள் மருத்துவர் தேடியிருக்கிறார். இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் பெரும்பாலும் சோர்வுக் காலத்தில்தான் சிகிச்சைக்கு வருவார்கள். எழுச்சிக் காலத்தில் யார் வரப்போகிறார்கள்? அப்போது உலகில் தன்னைத் தவிர எல்லோருக்கும்தான் ஏதோ கோளாறு! அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு எழுச்சி கிளம்பிவிடும்.

என்னிடமும் இதே கேள்வியைக் கேட்டார்கள். யோசிக்காமல் "இல்லை" என்றேன். உடன் வந்திருந்த மனைவி மெதுவாகச் சொன்னாள்: "ஒரு வருடம் விடிய விடிய புத்தக அலமாரியைப் பிரித்து அடுக்கினீர்களே. அந்த வாரம்தானே மூன்று இடத்தில் கடன் வாங்கினீர்கள்?" எனக்கு அது உற்சாகமான வாரமாகவே நினைவில் இருந்தது. மருத்துவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு எழுதிய மருந்தே வேறு.

ஆகவே அடுத்த முறை உடன் வசிக்கும் ஒருவரை அழைத்துப் போங்கள். மாத்திரை தந்தால் சில வாரம் பொறுங்கள், பலன் உடனே தெரியாது. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இன்னொன்று. ஒன்பதாவது கேள்விக்கு என்ன குறித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சாவைப் பற்றிய கேள்வி அது. 0 தவிர வேறு எதைக் குறித்திருந்தாலும் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். இன்றே மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.