முதிரையிலும் வேம்பிலும் உருவம் செதுக்குவோருக்கான கருவிகள்: கேள்வி பதில்

மாங்குளத்திலிருந்து: ஐயா, முதிரை மரத்தில் யானை செதுக்குகிறேன். எவ்வளவு தேய்த்தாலும் விலாப்பக்கத்தில் மரம் பிய்ந்த தடங்கள் மறையவில்லை. எந்த அரத்தாள் வாங்கலாம்?

தாளை மாற்றுவதால் இது தீராது. முதிரையின் இழைகள் படைக்குப் படை எதிரெதிராகச் சாய்ந்து வளர்வதால், உளியை எந்தத் திசையில் ஓட்டினாலும் ஒரு பட்டை வழுவழுப்பாக வெட்டுப்படும், அடுத்த பட்டை பிய்ந்துவிடும். பிய்ந்த குழியின் அடிவரை சுற்றியுள்ள மரத்தையெல்லாம் தாளால் இறக்கினால், காதின் விளிம்பும் தும்பிக்கையின் மடிப்பும் மழுங்கிப்போகும்.

உங்களுக்குத் தேவை சுரண்டுதகடு. பழைய கைவாளின் தகட்டில் ஒரு துண்டை வெட்டி, விளிம்பை அரத்தால் நேராக்கி, கடினமான உருக்குக் கம்பியால் அழுத்தி இழுத்து, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மடிப்பை அதில் ஏற்றுங்கள். தகட்டை முன்பக்கம் சாய்த்துத் தள்ளும்போது மெல்லிய சுருள் வரவேண்டும். தூள் மட்டுமே வந்தால் விளிம்பு தேய்ந்துவிட்டது. வளைவுகளுக்கு ஒரு மூலையை வட்டமாக அராவிக்கொள்ளலாம். அதன்பின் 180, 240, 320 என்ற எண் வரிசையில் (எண் கூடக்கூடத் தாள் நுண்மையாகும்) அரத்தாள் போதும். முகக்கவசத்தைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும்.

ஒட்டுசுட்டானிலிருந்து: புதிதாகப் பழகுகிறேன். 12 உளிகள் உள்ள பெட்டியை வாங்கலாமா?

வேண்டாம். ஒரு தட்டையுளி, அகலத்தில் வேறுபட்ட இரண்டு குழிவாய் உளிகள், ஒரு அரைவட்ட மர அரம் ஆகியவற்றை நல்ல உருக்கில் வாங்கி, மிச்சப் பணத்தை சாணைக்கல்லில் போடுங்கள். வேம்புக்கு உளிவாயை 20 முதல் 25 பாகை வரை தீட்டலாம். முதிரைக்கும் பாலை மரத்துக்கும் அவ்வளவு மெல்லிய வாய் தாங்காது, நுனி உதிரும். 30 பாகைக்குக் கிட்டத் தீட்டுங்கள்.

முள்ளியவளையிலிருந்து: தாள் தேய்த்த பின் முகத்தைத் திருத்த மீண்டும் உளி பிடிக்கலாமா?

கூடாது. தாளிலிருந்து உதிர்ந்த மணிகள் மரத்தின் துளைகளில் தங்கி உளிவாயைக் கெடுக்கும். கண், மூக்கு, விரல் எல்லாவற்றையும் உளியால் முடித்த பிறகே தாளைத் தொடுங்கள். முடித்தபின் திருத்தியே ஆகவேண்டுமென்றால், அந்த இடத்தைத் தூரிகையால் நன்கு துடைத்துவிட்டு, பழைய உளியொன்றைப் பயன்படுத்துங்கள்.

நெடுங்கேணியிலிருந்து: சுழலும் மின்கருவியால் தேய்த்தால் மரம் கருகுகிறது.

வேகத்தைக் குறையுங்கள், அழுத்தாதீர்கள், ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். அப்படியும் கருகினால் முனையில் மரத்தூள் அடைத்திருக்கும். கம்பித் தூரிகையால் எடுத்துவிடுங்கள்.