இருவரும் ஆண்கள் என்றால் அடிப்பது குற்றமாகாதா?

கேள்வி: எனக்கு 29 வயது. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளாக என் இணையுடன் ஒரே வீட்டில் வாழ்கிறேன். அவரும் ஆண். வாடகை ஒப்பந்தம் என் பெயரில் இருக்கிறது. ஓராண்டாக என்னை அடிக்கிறார். ஐந்து மாதங்களுக்கு முன் மணிக்கட்டு எலும்பு முறிந்தது; அரசு மருத்துவமனையில் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொல்லிவிட்டேன். சம்பளம் வந்ததும் பெரும்பகுதியைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். மறுத்தால் எங்கள் அந்தரங்கப் படங்களை ஊரில் என் அப்பாவுக்கு அனுப்புவேன் என்று மிரட்டுகிறார். காவல் நிலையத்தில், "இரண்டு பேரும் ஆண்கள்தானே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புகார் கொடுத்தால் என்மீதே வழக்கு வருமா? சட்டத்தில் எனக்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: உங்கள்மீது வழக்கு வராது. வயதுவந்த இருவர் மனமொத்து வாழும் தன்பால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தன்பால் உறவைக் குற்றமாக்கிய பழைய 377-ஆம் பிரிவே இல்லை. இந்த அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். உங்களை மிரட்டுபவர் இதை நம்பித்தான் மிரட்டுகிறார்.

வழி உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது. அதன்படி பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருக்க வேண்டும். மனைவியிடம் அடிவாங்கும் கணவருக்கும் இதே நிலைதான். கொடுமையைக் காரணம் காட்டி அவர் விவாகரத்தாவது கேட்கலாம், உங்களுக்கு அதுவும் இல்லை. பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்ந்தாலும் இந்தச் சட்டத்தின் கீழ் அது 'திருமணம் போன்ற உறவு' ஆகாது என்று 2013-இல் இந்திரா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வீட்டுக்குள் விழும் அடி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வலிக்கிறது. பாதுகாப்பு உத்தரவு, குடியிருக்கும் உரிமை, இழப்பீடு ஆகிய மூன்றையும் ஒரே மனுவில் கேட்கும் வசதி மட்டும் சிலருக்கு மறுக்கப்படுவது அநீதி. நாடாளுமன்றம் இதைத் திருத்தியாக வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டம் இல்லை என்பதால் சட்டமே இல்லை என்று ஆகிவிடாது. எலும்பு முறிவு 'கொடுங்காயம்'. அதைத் தெரிந்தே ஏற்படுத்தினால் நியாய சன்ஹிதா 117(2)-இன்படி ஏழாண்டு வரை சிறை. படத்தைக் காட்டி மிரட்டிப் பணம் வாங்குவது 308-ஆம் பிரிவின் கீழ் மிரட்டிப் பணம் பறித்தல்; அதற்கும் ஏழாண்டு வரை சிறை உண்டு. நற்பெயருக்கு உண்டாக்கும் கேட்டையும் 'தீங்கு' என்றே சன்ஹிதா வரையறுக்கிறது, அதனால் "அப்பாவிடம் சொல்லிவிடுவேன்" என்ற மிரட்டலையும் அற்பம் என்று தள்ள முடியாது. இந்தப் பிரிவுகள் எதிலும் ஆண், பெண், திருநர் என்ற பேதம் கிடையாது. இரண்டுமே காவல்துறை நேரடியாக வழக்குப் பதியத்தக்க குற்றங்கள். "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்ப நிலையத்துக்கு அதிகாரம் இல்லை.

உங்கள் வழக்கில் என்னைக் கவலைப்படுத்துவது மருத்துவமனையில் நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியம். விபத்துப் பதிவேட்டில் மருத்துவர் எழுதியிருப்பார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அந்த ஏட்டைத்தான் கையில் எடுப்பார். எனவே நீங்களே முந்திக்கொள்ளுங்கள். அந்தப் பதிவேட்டின் நகலையும் எக்ஸ்ரே படத்தையும் வாங்கி, புகாரிலேயே இப்படி எழுதுங்கள்: "அன்று அவர் உடன் நின்றதாலும், உண்மையைச் சொன்னால் படங்களை வெளியிடுவார் என்று அஞ்சியதாலும் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னேன்." அவர் உடன் வந்திருந்தால் மட்டும் முதல் பகுதியை எழுதுங்கள், நடக்காததைச் சேர்க்காதீர்கள். இனி ஒருமுறை காயம்பட்டால் மருத்துவரிடம் யார் அடித்தது, எதனால் அடித்தது என்று சொல்லிவிடுங்கள்.

புகாரில் உறவை மறைத்து 'அறை நண்பர்' என்று எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். குறுக்கு விசாரணையில் அது உடையும்போது மற்ற உண்மைகளும் சேர்ந்து உடையும். "ஒரே வீட்டில் இணைந்து வாழ்ந்து வந்தோம்" என்பது போதும். அதற்குமேல் அந்தரங்கத்தை விவரிக்கத் தேவையில்லை. எந்தத் தேதியில் என்ன செய்தார், எவ்வளவு பணம் போனது, என்ன வார்த்தை சொல்லி மிரட்டினார் என்று நடந்த செயல்களை எழுதுங்கள். வங்கிக் கணக்கு விவர நகலை இணையுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள், கைபேசியையும் மாற்றாதீர்கள்; மின்னணுச் சான்றுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி நீதிமன்றம் போக முடியாது.

நிலையத்தில் மனு கொடுத்தால், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். மீண்டும் மறுத்தால் மாநகரக் காவல் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதிலும் அசையவில்லை என்றால் விசாரிக்கக் காவல்துறைக்கு உத்தரவிடக் கோரி, குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 175(3)-இன் கீழ் மனு போடலாம். பெண் இணையர் இருவர் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த சுஷ்மா வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளின் தொடர்ச்சியாக, தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரை, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோரை, காவலர் துன்புறுத்துவது அந்த விதிப்படி ஒழுங்கு மீறல். ஆணையருக்கான மனுவில் இதைக் குறிப்பிடத் தயங்க வேண்டாம்.

படங்கள் வெளியானால், ஒருவரின் அந்தரங்க உறுப்புப் படத்தைச் சம்மதமின்றி வெளியிடுவதைத் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவு ஆணுக்கும் பொருந்தும். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம் என்றாலும் அது முக்கியமாகப் பண மோசடிக்கானது. படங்களுக்கு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளமே ஏற்றது. இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். 377 நீங்கியபோது, ஆணை வற்புறுத்தி உறவுகொள்வதைத் தண்டிக்க இருந்த ஒரே பிரிவும் போய்விட்டது. அப்படி ஏதும் நடந்திருந்தால் காயம், அடைத்துவைத்தல், மிரட்டல் ஆகிய பிரிவுகளின் கீழ்தான் இப்போது போக முடியும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சில வரிகள். தன்பாலீர்ப்புள்ள பெண்ணை அண்ணனோ அப்பாவோ அடித்தால் குடும்ப வன்முறைச் சட்டம் தாராளமாகப் பொருந்தும். அடிப்பவர் அம்மாவோ அக்காவோ என்றாலும் பொருந்தும். எதிர்மனுதாரர் வயதுவந்த ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற சொற்களை 2016-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட திருநங்கை இச்சட்டப்படி நிவாரணம் கேட்கலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியிருக்கிறது.

இப்போது வீடு. ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருப்பதால் அவர் உங்கள் அனுமதியில் தங்கியவர். வெளியேறச் சொல்லி வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி, உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவும் கேட்கலாம். ஆனால் அறிவிப்பு அவர் கைக்குப் போகும் நாளில் நீங்கள் அந்த வீட்டில் இருக்காதீர்கள். கல்விச் சான்றிதழ், ஆதார், ஒப்பந்தத்தின் அசல் எல்லாவற்றையும் அதற்குமுன் நம்பகமானவரிடம் சேர்த்துவிடுங்கள். வங்கிக் கடவுச்சொல்லையும் யு.பி.ஐ. எண்ணையும் மாற்றுங்கள். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழையுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வருமானச் சான்றுடன் செல்லுங்கள். வருமான வரம்புக்குள் இருந்தால் இலவசமாக வழக்கறிஞரை நியமிப்பார்கள். நீங்கள் அவரிடம் சொல்வதை உங்கள் சம்மதம் இன்றி அவர் உங்கள் அப்பா உட்பட யாரிடமும் சொல்லக்கூடாது.