நம்பிச் சொன்னதை இன்னொரு டாக்டரிடம் சொல்லலாமா?

கேள்வி: மனச்சோர்வுக்காக ஓர் உளவியலாளரிடம் போய்வருகிறேன். என் தைராய்டைப் பார்க்கும் டாக்டர் அவருடைய நண்பர். போன முறை அந்த டாக்டர், "கணவரைப் பிரிய யோசிக்கிறீர்களாமே" என்று கேட்டதும் ஆடிப்போனேன். உளவியலாளரிடம் கேட்டால், "உங்கள் நலனுக்காகத்தானே பேசினோம்" என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: இல்லை. உங்களைக் கேட்காமல் அவர் அதைச் சொன்னது தவறு.

இருவரும் பேசிக்கொள்வதே கூடாது என்று சொல்ல மாட்டேன். தைராய்டு சுரப்பு குறைந்தாலே சோர்வும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் வரும், பார்த்தால் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். மனநல சிகிச்சையில் தரும் லித்தியம் தைராய்டைப் பாதிக்கவும் செய்யும். அதனால் ரத்தப் பரிசோதனை முடிவு, மாத்திரை விவரமெல்லாம் இரண்டு பேருக்கும் தெரிவது நல்லதுதான், ஆனால் அதற்கும் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். உங்கள் மண வாழ்க்கை தைராய்டு மாத்திரையின் அளவை முடிவுசெய்யத் தேவைப்படாத விஷயம்.

ரகசியத்தை மீற வேண்டிய சமயங்கள் உண்டு. யாருடைய உயிருக்காவது ஆபத்து, குழந்தை துன்புறுத்தப்படுவது, நீதிமன்ற உத்தரவு (சட்டம் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும்). அமெரிக்காவில் தத்தியானா டாரசாஃப் என்ற பெண்ணைக் கொல்லப்போவதாக ஒருவர் தன் உளவியலாளரிடம் சொல்லியிருந்தார். காவலர்களுக்குத் தகவல் போயும் அந்தப் பெண்ணை யாரும் எச்சரிக்கவில்லை, 1969-இல் அவர் கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சை தருபவருக்கு உண்டு என்று 1976-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாயைத் திறக்க அவ்வளவு பெரிய காரணம் வேண்டும். நட்பு அதற்குக் காரணமே ஆகாது. மருத்துவர்களுக்கான ஜெனிவா உறுதிமொழி, நோயாளி இறந்த பிறகும் அவர் நம்பிச் சொன்னதைக் காக்கச் சொல்கிறது.

'உங்கள் நலனுக்காக' என்ற பதில்தான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. நல்லெண்ணத்தோடுதான் பேசியிருப்பார், இருக்கட்டும். ஆனால் இனி அவர் முன்னால் உட்காரும்போதெல்லாம் எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று நீங்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டால் அங்கே சிகிச்சை எப்படி நடக்கும்?

சரி, உளவியலாளரிடம் நேராகவே கேளுங்கள்: அந்த டாக்டரிடம் என்னென்ன சொன்னீர்கள், வேறு யாருக்காவது தெரியுமா? இனி எதை, யாரிடம் பகிரலாம் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த டாக்டரிடமும், இதைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்று சொல்லிவிடலாம். உளவியலாளர் தவறை ஒப்புக்கொண்டால் தொடர்வதைப் பற்றி யோசியுங்கள். மறுபடியும் மழுப்பினால் வேறொருவரைப் பாருங்கள், இவருக்கு உரிமம் தந்த அமைப்பில் புகாரும் கொடுக்கலாம். இவர்மேல் உள்ள கோபத்தில் சிகிச்சையையே பாதியில் விட்டுவிடாதீர்கள்.