தைப்பூசம் வரை காத்திருக்கலாமா?

அன்புள்ள அம்மா,

என் தமிழ் ஆயாவிடம் பேசிப் பழகிய தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு 22 வயது. கல்லூரியில் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டான். ஆறு மாதமாக இரவில் தூங்குவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றிப் பேசுவது சுவர் வழியாகக் கேட்கிறது என்கிறான். அந்த வீடு ஒரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அம்மா சமைத்ததில் ஏதோ கலந்திருக்கிறது என்று தொடுவதில்லை. கடை ரொட்டியைத்தான் தின்கிறான். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார் அம்மா. கோயிலில் ஒரு பெரியவர், சாமி வந்திருக்கும் என்றார். தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று மாதம். அவன் காவடி எடுத்தால் சரியாகிவிடும் என்று அம்மா நேர்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி என்றாலே "எசிடிமேனி மனநல இல்லத்தில் செத்தார்களே, அது போலவா?" என்று அழுகிறார். அப்பா வாயே திறப்பதில்லை. நான் அவனை ஏதாவது பொய் சொல்லி அழைத்துப்போகலாமா?

ஆர்., சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள ஆர்.,

காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். மற்றதையெல்லாம் இதற்குப் பிறகு படித்தால் போதும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 1984-இல் எங்கள் வீட்டில் நடந்தது அப்படியே இருந்தது. அண்ணனுக்கும் அப்போது 22 வயது. டர்பனில் ஒரு தையல் ஆலையில் வேலை. மெஷின் சத்தத்துக்குள் யாரோ தன் பெயரைச் சொல்கிறார்கள் என்றார். அம்மா அவரை எங்கெல்லாமோ கூட்டிப்போனார். ஆடிக் கூழ் ஊற்றினோம், தாயத்துக் கட்டினோம். செய்வினை எடுக்கிறேன் என்று வந்த ஒருவர் அம்மாவின் இரண்டு வளையலையும் வாங்கிக்கொண்டு போனார். நாலு வருடம் இப்படியே போயிற்று. வளையலுக்காக நான் வருந்தவில்லை, அந்த நாலு வருடத்துக்காகத்தான் இன்னும் வருந்துகிறேன். இந்த வகை நோயில், அறிகுறி தொடங்கிய நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடைவெளி நீள நீள, மீண்டு வருவது கடினமாகிறது. அண்ணன் மீண்டார், ஆனால் முழுதாக அல்ல. வேலையும் போயிற்று, நிச்சயம் செய்த கல்யாணமும் நின்றது.

உங்கள் தம்பிக்கு என்ன நோய் என்று நான் சொல்ல முடியாது. நான் டாக்டர் இல்லை. இல்லாத குரல் கேட்பது, சாப்பாட்டில் விஷம் என்று உறுதியாக நம்புவது, தூக்கம் கெடுவது எல்லாம் சேர்ந்தால் சைக்கோசிஸ் என்பார்கள். அதற்குக் காரணம் பல. மனச்சிதைவு நோயாக (ஸ்கிட்சோஃப்ரீனியா) இருக்கலாம். உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு அது வருகிறது, ஆண்களுக்குப் பெரும்பாலும் இந்த வயதில்தான் தொடங்குகிறது. மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறும் இருமுனை நோயாக (பைபோலார்) இருக்கலாம். டாகா, அதாவது கஞ்சா, புகைப்பதால் வந்திருக்கலாம். 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வீட்டுக்குள் புகைப்பதைக் குற்றமில்லை என்று சொன்னதை வைத்து அது தீங்கில்லாதது என்று எண்ணும் பிள்ளைகள் பலர். தைராய்டு, எச்.ஐ.வி., மூளைத் தொற்று இவற்றாலும் வரும். அதனால்தான் டாக்டர் முதலில் ரத்தம் எடுப்பார். "மனசுக்கு வந்ததுக்கு ரத்தம் எதுக்கு?" என்று அம்மா கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சாமி வந்திருக்கும் என்று சொன்ன பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பார்த்தது அதைத்தான். நானும் சின்ன வயதிலிருந்து காவடியில் அருள் வந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவள். உடுக்கை அடிக்கும்போது வரும், திருநீறு பூசியதும் இறங்கும். பிறகு அவர் தண்ணீர் குடித்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் வேலைக்கும் போவார். உங்கள் தம்பிக்கு ஆறு மாதமாக இறங்கவில்லை. அவனுக்கு அதில் நிம்மதியும் இல்லை, பயம்தான் இருக்கிறது. அம்மாவிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்கள். செய்வினை உண்டா இல்லையா என்று வாதாட வேண்டாம். நேர்த்திக்கடன் இருக்கட்டும், டாக்டரிடமும் போவோம் என்று சொன்னால் போதும். இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் அவர் டாக்டரைத்தான் விடுவார்.

எசிடிமேனி பற்றிய பயம் நியாயமான பயம். 144 பேர் இறந்தார்கள். ஆனால் அது எப்படி நடந்தது என்பதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர்கள் நீண்டகால மனநலப் பராமரிப்பு தரும் இடங்களில் இருந்தவர்கள். 2015, 2016-இல் கௌட்டெங் மாகாண அரசு அந்த இடங்களோடு இருந்த ஒப்பந்தத்தை நிறுத்தி, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை அங்கிருந்து வெளியேற்றி, உரிய உரிமமும் ஆளும் இல்லாத அமைப்புகளிடம் அனுப்பியது. பசியிலும் பராமரிப்பு இல்லாமலும் இறந்தார்கள். இதை விசாரித்த முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மோசெனெக்கே முன்னால் குடும்பங்கள் வந்து சொன்னவற்றை நான் உட்கார்ந்து கேட்டேன். இரவெல்லாம் தூங்க முடியவில்லை. சிகிச்சை கொடுத்ததால் அவர்கள் சாகவில்லை, சிகிச்சையிலிருந்து பிடுங்கி எறிந்ததால் செத்தார்கள். உங்கள் தம்பி ஆறு மாதமாகச் சிகிச்சை இல்லாமல்தான் இருக்கிறான்.

பொய் சொல்லி அழைத்துப்போகாதீர்கள். மாத்திரையைச் சோற்றில் கலந்து கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், அதையும் செய்யாதீர்கள். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று பயப்படுகிற பிள்ளை அவன். ஒருநாள் தெரிந்துவிட்டால், அவன் பயந்தது உண்மையாகிவிடும். தூக்கமில்லாமல் தவிப்பது அவனுக்கே தெரிந்த துன்பம். "தூங்கி எத்தனை நாள் ஆச்சு, அதுக்காவது டாக்டரைப் பார்ப்போம், நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். குரல் கேட்கிறது என்றால், இல்லை என்று சண்டை போட வேண்டாம், ஆமாம் என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "எனக்குக் கேட்கலை, ஆனா நீ ரொம்பப் பயந்திருக்கேன்னு தெரியுது." எங்கள் அண்ணனிடம் ஒரு நர்ஸ் இப்படித்தான் பேசினார். நாலு வருடத்தில் முதல் தடவையாக அவர் அழுதார்.

பக்கத்துக் கிளினிக்கிலேயே தொடங்கலாம், ஆர்.கே.கான் மருத்துவமனைக்கும் போகலாம். எப்போது தொடங்கியது, என்ன சொல்கிறான், என்ன புகைக்கிறான், குடும்பத்தில் முன்பு யாருக்காவது இருந்ததா என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அங்கே கூட்டத்தில் நிற்கும்போது பாதி மறந்துவிடும். அப்பாவுக்கு வேலையில் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருந்து தம்பி பெயரும் அதில் இருந்தால், மனச்சிதைவும் இருமுனை நோயும் கட்டாயமாகச் செலவு தர வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கின்றன என்பதைக் கேட்டு வாங்குங்கள். தனியாரிடம் போவதானால் முதலில் சைக்கியாட்ரிஸ்ட். மருந்து எழுதும் மனநல டாக்டர் அவர்தான். பேசிக் குணப்படுத்தும் சைக்காலஜிஸ்டின் உதவி அடுத்து வரும். யாராக இருந்தாலும், டாக்டர்களைப் பதிவு செய்யும் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பெயர் பதிந்திருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிடலாம்.

அவன் வரவே மாட்டேன் என்றால் சட்டம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, கடந்த ஏழு நாளுக்குள் அவனைப் பார்த்த பெற்றோரோ நெருங்கிய உறவினரோ மருத்துவமனையில் விண்ணப்பம் கொடுக்கலாம். மருத்துவத் துறையைச் சேர்ந்த இரண்டு பேர் தனித்தனியே பரிசோதிப்பார்கள். தேவையென்று கண்டால் 72 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு மேலும் அவன் விருப்பமில்லாமல் வைத்திருப்பதானால், மறுஆய்வு வாரியம் ஒன்று அதைச் சரிபார்க்கும். யாரும் கேட்பாரில்லாமல் அடைத்துப்போட முடியாது. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை வந்தால் போலீசைக் கூப்பிடத் தயங்காதீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அந்தச் சட்டத்தின்படி அவர்கள் கடமை. சாகப்போகிறேன் என்று சொன்னால் அன்றே, அப்போதே. சாடாக் என்ற மனநல உதவி அமைப்பின் 0800 567 567 என்ற எண் இரவிலும் எடுப்பார்கள், காசு இல்லை. நீங்களே தாங்க முடியாமல் போகும் இரவிலும் அதைக் கூப்பிடலாம்.

மருந்து தொடங்கியதும் தூக்கம் சில நாளில் வரும். குரல் அடங்க வாரக்கணக்கில் ஆகும். உடம்பு பெருக்கலாம், கை விறைக்கலாம். அதை டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். நன்றாகிவிட்டது என்று நிறுத்துவதுதான் திரும்ப வருவதற்குப் பெரிய காரணம். அண்ணன் இரண்டு முறை நிறுத்தினார். இரண்டு முறையும் தையல் ஆலைக் குரல் திரும்ப வந்தது.

காவடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா கேட்பார். தைப்பூசத்துக்குள் அவன் தேறியிருந்தால் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். விரத நாளிலும் மாத்திரை உண்டு என்பதை மட்டும் அம்மாவிடம் இப்போதே பேசி வையுங்கள். இருமுனை நோய்க்குத் தரும் லித்தியம் என்ற மருந்தைக் கொடுத்திருந்தால் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடப்பது ஆபத்து. அண்ணன் காவடி எடுப்பதில்லை, பால்குடம் எடுப்பார். அவருக்கு மருந்தை ஊசியாகப் போடும் நாள் தைப்பூசத்தன்று வந்தால், முந்தின நாளே கிளினிக்குக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.